எழுந்து நின்ற மாப்பிள்ளை

திண்டிவனம் செண்பகத்தை வாயாடி என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மற்ற பெண்கள் வாயில் கொழுக்கட்டையோடு தலையாட்டிய காலத்தில் அவள் வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்.

1941இல் அவளுக்கு விழுப்புரத்து மாப்பிள்ளை சீனுவாசனைப் பேசினார்கள். பலகாரம் தின்றுவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று நழுவுகிறவர்களால் அலுத்துப்போன அவள் அப்பா முருகையன், டூரிங் சினிமாக் கொட்டகையிலேயே பெண்ணும் பிள்ளையும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அங்கே படம் காட்ட ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால், அடுத்ததை மாட்டும்வரை விளக்கு எரியும். முருகையன் மகளிடம் சொல்லிவைத்தார்.

"மொத லைட்டு எரியும்போது மாப்பிள எழுந்து நிப்பாரு. நல்லா பாத்துக்கோ."

படமோ ஆள்மாறாட்டக் கூத்து. ஜமீன்தார் மகனைத் தோட்டக்காரன் என்று நம்பி, கதாநாயகி செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். "கண்ணு அவிஞ்சா பூட்சி இவளுக்கு?" என்று செண்பகம் சிரித்தாள்.

பாதி ரீலில் படம் அறுந்தது. விளக்கு எரிந்தது. ரீல் முடியட்டும் என்று சீனுவாசன் உட்கார்ந்தே இருந்தான். மெஷினைப் பார்க்கப் பதறி எழுந்தவன், ரயிலில் படப்பெட்டி கொண்டுவரும் பெரியதம்பி. பெண்கள் பகுதித் தடுப்புத் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து செண்பகம் அவனை ஆசை தீரப் பார்த்தாள். ரீல் முடிந்து சீனுவாசன் எழுந்து நின்றபோது அவள் தலைகுனிந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்தன்று கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்தவள் அப்பாவை உள்ளே கூப்பிட்டாள்.

"இவரு இல்லப்பா. அன்னிக்கி நின்னவருதான் வேணும்."

"ஊரே குந்திக்கினு இருக்குது, மானத்த வாங்காதடி!"

அவள் அழுதாள், சொன்னதை மட்டும் மாற்றவில்லை. கூடத்திலிருந்து இதைக் கேட்ட சீனுவாசன்தான் யோசித்து விஷயத்தை உடைத்தான்.

"படம் அறுந்தப்போ நின்னது பொட்டிக்கார பெரியதம்பிங்க. எங்க ஊர்க்காரன்தான்."

அவன் வீட்டார் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். முருகையன் இடிந்துபோனார். நல்லவேளை, பெரியதம்பியும் கட்டிக்கொடுக்கும் உறவுமுறைதான். பெட்டியோடு அவன் வந்து இறங்கியதும் ஆள் அனுப்பினார்.

அறுந்த படத்துக்குத்தான் பஞ்சாயத்து என்று நினைத்தவன் வாசலிலேயே கும்பிட்டான்.

"படம் அறுந்தது என் குத்தம் இல்லீங்க!"

"அது கெடக்கட்டும். எம் பொண்ண கட்டிக்கிறியா?"

பெரியதம்பி திருதிருவென்று விழித்தான்.

"நான் இன்னும் பொண்ணையே பாக்கலியேங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து செண்பகம் பதில் சொன்னாள்.

"நான் பாத்துட்டேன். அது போதும்."