நிச்சயத்தில் வாசித்த நாய் நாக்கு

எனக்கு அணியிலக்கணம் தெரியும் என்பது இருபத்தைந்து வயதிலேயே பினாங்கு ஜார்ஜ் டவுன் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். பகலில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சாயங்காலம் வாசகசாலையில் உவமையும் உருவகமும். முகம் நிலாவைப் போன்றது என்றால் உவமை. முகமாகிய நிலா என்றால் உருவகம். அவளைக் கண்டு வெட்கப்பட்டுத்தான் நிலா மேகத்துக்குள் ஒளிந்தது என்றால் தற்குறிப்பேற்றம். ஆயர் ஈத்தாம் போகும் டிராமுக்கு நிற்பவர்களைக்கூடப் பிடித்துவைத்து விளக்குவேன். பாவம், டிராம் வரும்வரை அவர்களுக்கும் போக்கிடம் இல்லை.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பரிசம் போடும் நாளில் மாப்பிள்ளை வாழ்த்துப்பா வாசிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிக்கிற பழைய முறை. கூந்தல் மேகம், கண் கெண்டை, இடை மின்னல். பாதத்துக்கு வந்தபோது தாமரை என்று எழுதக் கை கூசியது. அதை எவனும் எழுதுவான். பழம்புலவர்கள் பெண்ணின் பாதத்துக்குச் சொன்ன உவமை ஒன்று உண்டு: ஓடிக் களைத்த நாயின் நாக்கு. மெல்லியது, சிவந்தது, சிறியது. படித்தவனுக்கே ருசிக்கும். பெண்வீட்டுக் கூடத்தில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மின்னல் வரைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். நாய் வந்ததும் தலைகள் நின்றன.

பெண்ணின் அப்பா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் கிராணி.

"தம்பி, கடைசி வரிய இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தேன்.

"என் மக காலு நாய் நாக்கா?"

"நாக்கு இல்ல மாமா, நாக்கைப் போன்றது. நாக்குன்னே சொல்லியிருந்தா உருவகம். இது வெறும் உவமைதான்."

"அப்ப உங்களக் கழுத மாதிரின்னு நான் சொன்னா?"

"அதுவும் உவமைதான். ஆனா ரெண்டுக்கும் பொதுவான தன்மை ஒண்ணு இருக்கணும்."

"அது இருக்கு," என்றார்.

பக்கத்திலிருந்த என் அக்கா தொடையில் கிள்ளினாள். அவள் சுங்கை பினாங்கு வீட்டிலிருந்து சுமந்து வந்த பரிசத் தட்டுகளைப் பெண்ணின் அப்பா காட்டினார். "எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கம்மா. இந்தச் சம்பந்தம் வேணாம்."

தட்டை எடுக்கக் குனிந்த அக்காவின் கையைப் பிடித்தேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

அப்போது பெண்ணின் அத்தை உள்ளேயிருந்து வந்தார். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. பொண்ணு ஒண்ணு கேக்குது. அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ள நிமிரவே இல்லியாம். கூந்தலு, கண்ணு, இடுப்பெல்லாம் எப்பப் பாத்தாருன்னு கேக்குது."

"பாக்கல," என்றேன். "காப்பி கொண்டாந்தப்ப காலத்தான் பாத்தேன். மருதாணி வச்சிருந்தாங்க. மீதியெல்லாம் புத்தகத்துல இருந்தது."

பெண்ணின் அப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கூந்தல் பாத்ததா?"

"இல்ல மாமா."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். கண்ணை அடித்தார். இடையைக் கொஞ்சம் அழுத்தியே அடித்தார்.

"கால்?"

"பாத்தது."

பென்சில் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. "பாக்காத சரக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல. பாத்த சரக்க இல்லைன்னு சொன்னதும் இல்ல." பெருமூச்சு விட்டு, நாய் நாக்குக்கு எதிரே ஒரு சரி போட்டார். "நாயாவது நல்ல சாதி நாய்தானா?"

"புலவருங்க சொல்லல மாமா."

"மத்ததக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துட்டு எழுதட்டும் லா," என்றார் அத்தை. உள்ளே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார்கள். தட்டு மாற்றினார்கள்.

கல்யாணத்தில் வாழ்த்துப்பா ரோஜாநிறக் காகிதத்தில் அச்சாகி எல்லோர் கைக்கும் போனது. மாமா சரிபார்த்த ஒரே ஒரு வரிதான். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, முகூர்த்தம் முடியும்வரை மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை.