வடக்குப் பார்த்த ரேடியோ

எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மத்திய அலை ரேடியோ நிலையத்தில் என்று சொல்வேன். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். அதெல்லாம் இன்னும் இருக்கிறதா? கல்யாணப் பந்தியில் பதில் சொல்லியிருக்கிறேன். பல் டாக்டரின் நாற்காலியில், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். இருக்கிறது. எண்ணூர் போகிற வழியில் கழிமுகத்தை ஒட்டி, மேலே சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கோபுரம் நிற்கிறதே, செல்போன் கோபுரம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு தாண்டிப் போவது, அதுதான்.

சேறு, உப்புத் தண்ணீர், காற்று திரும்பினால் மூக்கைப் பொத்த வைக்கும் வாசனை. வீட்டுமனை விற்பவர்கள்கூட எட்டிப் பார்க்காத இடம். மத்திய அலைக்கு மட்டும் அது சொர்க்கம். உப்பு ஊறிய ஈர மண்ணில் அந்த அலை வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். நெய்தல் நிலத்துக்கு இரங்கல்தான் உரியது என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் நிலையத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் கிடையாது.

நிலையத்தை ஓட்டுவது என்பது பெரும்பாலும் உடல் உறுப்பு தானம்தான். வேறு ஊர்களில் மூடப்பட்ட நிலையங்களின் டிரான்ஸ்மிட்டர்களில் இருந்து நல்லதாகக் கழற்றிய மின்சுற்றுப் பலகைகளை லாரியில் வரவழைத்து எங்கள் டிரான்ஸ்மிட்டரில் பொருத்துவோம். ஒரு நிலையம் செத்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும். கோபுரத்தைத் தாங்கும் பீங்கான் மேல் சாம்பலும் உப்பும் படியும். அதை மாடு குளிப்பாட்டுவதுபோல அவ்வப்போது தேய்த்துக் கழுவ வேண்டும். பூமிக்கடியில் சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல நாலா பக்கமும் செப்புக் கம்பி புதைத்திருக்கிறோம். புதைத்திருந்தோம் என்பதுதான் சரி. செம்பு விலை ஏற ஏற அவை மண்ணை விட்டுக் கிளம்பி, யார் கையிலோ ஏறி, காயலாங்கடைப் பக்கம் போய்விட்டன. மிச்சமிருக்கும் கம்பிகளைக் கொண்டு சமாளிக்கிறோம்.

இந்த நிலைமையில்தான் தலைமையகம் ஒரு நிபந்தனை போட்டது. ஆண்டு முழுவதும் நிற்கக்கூடிய உள்ளூர் விளம்பரதாரர் ஒருவரையாவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மாலை ஒலிபரப்பு ரத்து.

மாலை ஒலிபரப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பாட்டுகள், அப்புறம் கடல் செய்தி: காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, போகலாமா, திரும்பலாமா. அது போனால் போகட்டும் என்று நான்கூட நினைத்திருப்பேன். எங்கள் டெக்னீஷியன் விடவில்லை. அவர் ராயபுரத்துக்காரர். அவருடைய மச்சான் திருவொற்றியூர்க் கரையிலிருந்து ஃபைபர் படகில் போகிறவர்.

"டவரு கெடைக்காத எடத்துல மீனு கெடைக்குது சார்," என்றார் டெக்னீஷியன். "அங்க அவன் கைல கீறது ஒரு ரேடியோ பொட்டி. சாயங்காலம் நீ வாய மூடிக்கினா, அவன் இன்னாத்த கேட்டுகினு கரைக்கு வருவான்?"

நான் விளம்பரம் பிடிக்கக் கிளம்பினேன்.

இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியற்ற ஆள் வடசென்னையில் கிடைக்க மாட்டான். கடைக்காரரிடம் போய் பேரம் பேசினால், இருநூறு ரூபாய்ச் சட்டையை இருநூற்றைம்பதுக்கு வாங்கி வரக்கூடியவன் நான். டெக்னீஷியனும் கூடவே வந்தார். ஜவுளிக்கடையில் யூடியூப்பில் போடுகிறோம் என்றார்கள். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டோம். கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடை. அண்ணாச்சிக்கு தூத்துக்குடிப் பக்கம். சொந்தமாக சாம்பார் பொடி ஒன்றைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"எம் பொடி பேர எங் கடைல இருந்து எங் காதால கேக்கணும். கேட்டுட்டேன்னா வருசம் பூரா தாரேன். கேக்கல்லன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

இதைவிட நியாயமாக ஒரு மனிதர் பேச முடியாது. விளம்பரத்தை நானே எழுதினேன். அறிவிப்பாளர் வைக்க வழியில்லாததால் நானே படித்துப் பதிவு செய்தேன். சாம்பார் பொடியைப் பற்றி நான் பேசியதை வீட்டில் போட்டுக் காட்டினேன். இரங்கல் செய்திபோல இருக்கிறது என்றாள் என் மனைவி. கடல் செய்திக்குச் சற்று முன்னால், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒலிபரப்ப ஏற்பாடு.

அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. நல்ல நாள் பார்த்துப் புது ரேடியோ வாங்கினார். மஞ்சள் குங்குமம் வைத்தார். கல்லாவுக்கு மேலே, கிழக்குப் பார்த்த சாமி அலமாரியில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அது அசையாமல் உட்கார, ஆசாரியைக் கூப்பிட்டு மரச்சட்டம் அடித்துவிட்டார். அதுவும் கிழக்குப் பார்த்தே இருந்தது.

முதல் நாள் மாலை நாங்கள் இருவரும் கடையில் நின்றோம். அண்ணாச்சி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ரேடியோவைத் திருகினார். அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. அது நின்றதும், இன்னொரு அப்பளம்.

திரும்பிப் போய் பீங்கானைக் கழுவினோம். தானமாக வந்த பலகைகளில் இரண்டை மாற்றினோம். வேலியோரம் அறுந்து கிடந்த பூமிக் கம்பிகளை ஒட்டவைத்தோம். வேட்டியை மடித்துக்கட்டிச் சேற்றில் முழங்கால்வரை நின்று, இஞ்சினீயரிங் படித்த காலத்தில் கண்ட கனவுகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். மறுநாள் மாலையும் அப்பளம்தான்.

வேடிக்கை என்னவென்றால், கடை வாசலில் நின்று என் பாக்கெட் ரேடியோவைத் திருகினால் என் குரல் கணீரென்று கேட்கிறது. ஆகவே குற்றவாளி உள்ளே இருக்கிறான் என்று முடிவு செய்தேன். எல்.இ.டி. விளக்குகள், மின்னணுத் தராசு, கேமரா, பில் மிஷின். எல்லாம் மத்திய அலைக்கு ஜென்ம விரோதிகள். அண்ணாச்சியும் ஒத்துழைத்துத் தராசை அணைத்தார், கேமராவை அணைத்தார். பயனில்லை. மிச்சமிருந்தது லட்சுமியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்த சீரியல் விளக்கு. அதைக் கொஞ்சம் அணைத்தால், என்று ஆரம்பித்தேன்.

கடையே நின்றுவிட்டது. பருப்பு மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஆள்கூட இறக்காமல் என்னைப் பார்த்தார். விளக்கு வைக்கிற நேரத்தில், வியாபாரம் நடக்கிற கடையில், லட்சுமிக்கு முன்னால் இருக்கிற விளக்கை அணைக்கச் சொன்ன முதல் மனிதன் நான்தான் என்று அந்தப் பார்வையிலிருந்து தெரிந்தது.

"இன்னா சார்," என்றார் மூட்டைக்காரர், "வயித்துக்கு சோறு துன்றியா, இல்ல பாட்டரி துன்றியா?"

பாட்டரி என்றதும், அதையாவது பார்த்துவிடுவோம் என்று அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டு, சட்டத்திலிருந்து ரேடியோவை உருவி எடுத்தேன். கையில் வாங்கித் தெருவிளக்கு வெளிச்சத்துக்காகத் திரும்பினேன். ரேடியோ பேசியது. சாம்பார் பொடியைப் பற்றி என் குரலே துக்கத்துடன் பேசியது. அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அவசர அவசரமாக அதைத் திரும்பச் சட்டத்தில் வைத்தேன். அப்பளம். எடுத்தேன், சாம்பார். வைத்தேன், அப்பளம்.

மூன்றாவது தடவை அண்ணாச்சி என் கையைப் பிடித்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போதும் சார். லட்சுமி அம்மாவுக்கு இதுல பிரியம் இல்ல. எதமாச் சொல்லிப் பாக்கா. நமக்குப் புரிய வேண்டாமா? பெட்டிய நீங்களே கொண்டு போங்க."

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். அவர் மச்சானும் கடலில் இருந்து என்னைப் பார்ப்பதுபோல் தோன்றியது. நான் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். இறங்கித் திரும்பும்போது என் குரல் தேய்ந்தது, இன்னும் திரும்பியதும் மறுபடி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த மாதிரிப் பெட்டிக்குள் ஆண்டெனா என்பது நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு கருப்புக் குச்சி. நிலையம் குச்சியின் பக்கவாட்டில் இருந்தால் கேட்கும். குச்சியின் முனைக்கு நேராக இருந்தால் கேட்காது. தண்டையார்பேட்டைக்கு எங்கள் கோபுரம் ஏறத்தாழ நேர் வடக்கு. பெட்டி கிழக்குப் பார்த்தால் உள்ளே குச்சி தெற்கு வடக்காகப் படுக்கும். முனை எங்களை நோக்கி இருக்கும். அண்ணாச்சியின் பக்தி எங்கள் நிலையத்தை மிகத் துல்லியமாக அடைத்துவிட்டது. முதல் வருடப் பாடத்தில் வருகிற விஷயம் இது. நான் இரண்டு நாள் பீங்கான் கழுவியிருக்கிறேன்.

படியேறிப் போய், பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும் என்றேன். குச்சிக் கதையைச் சொன்னேன். அண்ணாச்சி குச்சியில் அக்கறை காட்டவில்லை.

"எங்கிட்டுத் திருப்பணும்? தெக்கயா? எமன் தெசைக்குன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

தெற்கென்றாலும் வடக்கென்றாலும் அலைக்கு ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். டெக்னீஷியன் என் காலை மிதித்தார்.

"வடக்கால, அண்ணாச்சி," என்றார் அவர்.

"வடக்கயா." அண்ணாச்சி லட்சுமியைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார். "அது குபேரன் தெசல்லா."

மறுநாளே ஆசாரி வந்தார். ரேடியோ வடக்குப் பார்த்து உட்கார்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், சீரியல் விளக்கு ஓட, தராசும் கேமராவும் ஓட, அண்ணாச்சி கைகூப்பியபடி தன் சாம்பார் பொடியின் பெயரைக் காதால் கேட்டார். தொடர்ந்து கடல் செய்தியையும் கடைசிவரை, கைகூப்பியபடியே கேட்டார். வருடம் முழுவதும் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் கேட்டார். விளம்பரக் கடைசியில் ஒரு வரி: ரேடியோவை வடக்குப் பார்த்து வையுங்கள், குபேர கடாட்சம் உண்டாகும்.

நான் விளக்கிப் பார்த்தேன். இந்த வரியைக் கேட்கிறவருக்கு ஏற்கெனவே ரேடியோ கேட்கிறது. கேட்காதவருக்கு இந்த வரியும் கேட்காது. மேலும், கோபுரத்துக்கு மேற்கே குடியிருப்பவர்கள் வடக்குப் பார்த்து வைத்தால் கேட்பதும் நின்றுவிடும். வேண்டுமானால், கேட்கும்படி கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று போடலாம்.

"குபேரனக் கொஞ்சம் திருப்பச் சொல்லுதீயளா?" என்றார்.

வரி அப்படியே போகிறது. மாலை ஒலிபரப்பும் போகிறது. டெக்னீஷியனின் மச்சான் போன வாரம் எனக்கு ஒரு பை நிறைய சங்கரா மீன் கொடுத்தனுப்பினார். விளம்பரத்தை மட்டும் வேறு ஆளை வைத்துப் படிக்கச் சொன்னதாகவும் தகவல்.

வரி போன இரண்டாம் நாள் மணலியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மணலி எங்களுக்கு மேற்கே இருக்கிறது.

"இத்தினி நாளா சோக்கா கேட்டுகினு இருந்தேன் சார். நேத்து நீ சொன்னியேன்னு வடக்கால திருப்பி வச்சேன். அத்தோட பூட்ச்சு."

பழையபடியே திருப்பி வைத்துவிடுங்கள் ஐயா என்றேன்.

"அப்ப குபேரன்?"

மணலிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்றேன். நான் இஞ்சினீயரா, வாஸ்து பார்க்கிறவனா என்று கேட்டார். சாம்பார் பொடி விற்கிறவன் என்றேன். குரலை வைத்து நம்பவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.