அக்கா ஏறாத கப்பல்

மரக்காணத்துக் கழிமுகத்தில் ஒரு மூன்று பாய்மரக் கப்பல் நின்றது என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போங்கள். நான் அந்தக் கப்பல் கமிட்டிக்குக் காரியதரிசியாக இருந்தவன். அதை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்ட அன்று, ஏறும் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனும் நான்தான். அங்கே உட்கார்ந்து நான் செய்த காரியத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு நடந்தது. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த தேக்குமரக் கப்பல் அது. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. சொந்தக்காரர் அதைக் கழிமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்; திரும்பி வரவில்லை. திண்டிவனத்து வக்கீல்களும் மிராசுதார்களுமாக நாலைந்து பேர் கூடி, இதைப் பழுதுபார்த்து எல்லோரும் ஏறிப் பார்க்கும்படி வைக்கலாம் என்று கமிட்டி போட்டார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் வாத்தியாராக இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கெடார் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவன். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கோயிலுக்குள்ளேயே எங்களுக்குத் தனிப் பக்கம் இருந்த காலம். சாமியார்கள் படிக்கவைத்தார்கள், வாத்தியார் ஆனேன். திண்டிவனத்தில் என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. என் கோட்டையும் இங்கிலீஷையும் பார்த்து அவர்களாகவே ஏதோ நினைத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டுவிடுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம்.

கப்பலைப் பழுதுபார்க்க வந்த ஆட்களில் ஒருவர் என் அக்காவின் புருஷன். அப்போது மரக்காணத்து உப்பளத்தில் கூலிவேலை செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் பத்து வருஷம் இதே கப்பலில் பாய் இழுத்தவர். கமிட்டிக்காரர்களுக்குக் கப்பலில் எது தலை எது வால் என்று தெரியாது. எந்தப் பலகை இடுக்கில் தேங்காய் நார் திணிக்க வேண்டும், குங்கிலியத்தை எந்தப் பதத்தில் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று சொன்னதெல்லாம் மாமாதான். நாலு பேர் எதிரே என்னை அந்நிய மனுஷன் மாதிரியே பார்ப்பார். நான் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே புரிந்துகொண்டார். எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா!

கமிட்டித் தலைவர் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் வேலை முடிந்து கூலியாட்கள் இறங்கியதும் ஊர்க் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து மேல்தளம் முழுவதும் கழுவிவிட வேண்டும். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சேரி ஆட்கள் மிதித்த தளத்தில் பெரியமனிதர்கள் கால் வைக்க வேண்டுமே, அதற்குத்தான்.

ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் மாமா என்னிடம் வந்தார்.

"மச்சான், கப்பல் மரத்துக்கு நல்ல தண்ணி ஆவாது. நாங்க டெய்லி கடல் தண்ணிதான் மொண்டு ஊத்துவோம். உப்பு ஏறினாதான் மரம் கெட்டியா நிக்கும். நல்ல தண்ணி எறங்கிச்சின்னா உள்ள அழுவிக்கினே போவும். பெரியவங்க கிட்ட நீங்க சொல்லுங்க."

"சொல்றேன் மாமா."

"இன்னொண்ணு." சொல்லக் கூச்சப்பட்டார். "நான் கடலுக்குப் போனப்பல்லாம் உங்க அக்கா அழுதுக்கினே இருப்பா. எங்க படுத்தேன், எங்க துன்னேன்னு ஒண்ணும் தெரியாது அவளுக்கு. கப்பலத் தொறக்கறன்னிக்கு ஒரு தபா மேல ஏத்திக் காட்டிடுங்க. எனக்கு அது போதும்."

"இதைக் கேக்கணுமா மாமா? நானே கையைப் பிடிச்சு ஏத்திக் காட்டுறேன்."

தண்ணீர் விஷயத்தைக் கமிட்டியில் நான் பேசவில்லை. கழுவுவது தீட்டுக்காக. அதை வேண்டாம் என்று சொன்னால், உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள்.

திறப்பு நாள் வந்தது. கரையில் தென்னங்கீற்றுப் பந்தல், மேளம், திண்டிவனத்திலிருந்து தனி பஸ். 'எல்லோரும் வந்து பார்க்கலாம்' என்று பெரிய பலகை. எழுத்து என்னுடையது. கப்பலில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்ததால் மாமாவைக் கீழ்த்தளத்தில் பம்பு அடிக்க விட்டிருந்தார்கள். விருந்தாளிகள் போகிறவரை மேலே தலை காட்டக் கூடாது என்று உத்தரவு.

பதினொரு மணி வாக்கில் அக்கா வந்தாள். சிவப்புச் சேலை, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் ஒரு துணி மூட்டை. என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் எப்படி எழுதுவது? என் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். உப்பளத்தில் நின்று நின்று வெடித்து வெளுத்துப்போன கால்.

"யார் சார் இது? உங்களைப் பார்த்துச் சிரிக்குது?"

"உப்பளத்து ஆளு. வேலைக்கு வர்றவங்க வீட்டுப் பொம்பளை."

சொல்லிவிட்டேன். நாக்கு குழறக்கூட இல்லை.

அக்கா ஏறும் பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் "தம்பி" என்று கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன். "இன்னிக்குப் பெரியவங்கள்லாம் வந்திருக்காங்க. உங்களுக்கெல்லாம் இன்னொரு நாள். போம்மா, போ."

போம்மா என்றேன். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளை, ஊர்பேர் தெரியாத ஒருத்தியை விரட்டுகிற மாதிரி.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அவளுக்குப் புரிந்தது. "செரிங்க சார்" என்றாள். மூட்டையை என் நாற்காலிக் காலடியில் வைத்துவிட்டு உப்பளத்துப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. உள்ளே அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், இன்னும் சூடாக இருந்தது. யாருடையது என்று தலைவர் கேட்டார். தெரியாது என்றேன். பஸ் டிரைவர் எடுத்துக்கொண்டான்.

அன்று பூராவும் கீழே பம்பு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா மேலே வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பொய் ஒன்றைத் தயார் செய்தேன். அக்கா வரவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அந்தப் பொய்க்கு வேலையே வரவில்லை. மறுநாள் காலை மாமா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மச்சான், அக்கா எல்லாம் சொல்லுச்சி. கையப் புடிச்சி ஏத்தி, ஒண்ணு விடாம காட்டுனீங்களாமே. நல்லா இருக்கணும் நீங்க."

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. புருஷனிடம் பொய் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நானாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? "இதுல என்ன மாமா இருக்கு" என்றேன். சிரித்து வேறு வைத்தேன், பாவி.

கப்பல் மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. மாமா சொன்னபடியே தளம் உள்ளுக்குள் அழுகிப்போயிருந்தது. பார்க்க வந்த ஒருவர் காலை வைக்கப் பலகை உடைந்து முழங்கால்வரை இறங்கிவிட்டார். அன்றோடு ஏறும் பலகையை எடுத்துவிட்டுக் கப்பலை மூடினார்கள். பிறகு சண்டை வந்தது, மரம் கிடைக்காத காலம், வெட்டி விற்றுவிட்டார்கள். தேக்கு விறகு நன்றாக எரிந்தது என்று மரக்காணத்தில் சொன்னார்கள். நான் மாற்றல் கேட்டு விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன்.

சண்டை முடிந்து இரண்டாவது வருஷம் மாமா இறந்துபோனார். கடைசிக் காலத்தில் கெடாருக்கே வந்து இருந்தார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அன்று அவளே ஆரம்பித்தாள்.

"இப்பனாச்சும் சொல்லுடா. அந்தக் கப்பலு மேல இன்னாதான் இருந்துச்சி?"

"அக்கா, என்னை மன்னிச்சிடு. அன்னிக்கு நான்..."

"அத உடு. அது ஆயிப்போச்சி. அவரு கேட்டப்ப நான் வாயில வந்ததச் சொல்லி வெச்சேன். தப்பா கிப்பா சொல்லிட்டனோன்னு ஒரே பேஜாரு எனக்கு. அன்னிக்கு ராத்திரியே கேட்டாரு, மேல இன்னா பாத்தேன்னு. மின்னாடி ஒரு மணி கட்டியிருக்கும்னு அவரு எப்பவோ சொல்லியிருந்தாரு. அதான் ஞாபகத்துக்கு வந்துச்சி. மணியப் பாத்தேன், தம்பி என்னை அடிக்கச் சொன்னான், அடிச்சேன்னு சொன்னேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"சத்தம் நல்லா வந்துச்சான்னு கேட்டாரு. நல்லா வந்துச்சின்னேன். சந்தோசமா சிரிச்சாரு. அதுக்கப்புறம் அதப்பத்தி அவரு ஒண்ணும் கேக்கல." என் முகத்தைப் பார்த்தாள். "இருந்துச்சி இல்ல, மணி?"

தலைவர் தன் பங்களா வாசலில் மாட்டுவதற்காக, திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அந்த மணியைக் கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றியது மாமா. கப்பலிலிருந்து வண்டிவரைக்கும் அதைத் தன் தலையில் வைத்துச் சுமந்ததும் மாமாதான்.

"இருந்துச்சி அக்கா" என்றேன்.