வேலி இடைவெளியில் வந்த இரத்த வகை

தொண்ணூறுகளின் பின்பாதி. பாறசாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நானும் இன்னொருத்தியும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்து, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதினோம். நோயாளிகளின் விவரம் என் ஃபைலில், சி பிளஸ் பிளஸ் மொழியில். அதைத் திரையில் காட்டுவது அவள் வேலை, பழைய சி-யில். விவரங்களை அடைத்து வைக்கும் என் கிளாஸுக்குள் இரத்த வகையைப் பிரைவேட் என்று வைத்திருந்தேன். வெளியிலிருந்து யாரும் தொடக் கூடாது. வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டும், எடுத்துத் தர ஒரு ஃபங்ஷன் எழுதித் தருவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டு அடுக்களைக்கு யாரும் ரோடு சுற்றிப் போவதில்லை. வேலி இடைவெளியில் நுழைந்து போவார்கள், அதை யாரும் தப்பாக நினைப்பதுமில்லை. அவளும் என் கிளாஸில் எது எதன் பின்னால் இருக்கிறது என்று பார்த்து, அதே வரிசையில் தன் ஃபைலில் பூட்டில்லாத ஒரு ஸ்டிரக்சர் எழுதி, மூன்றாவதாக இருந்த இரத்த வகையை நேரே எடுத்துக்கொண்டாள். சரியாகவே வந்தது. எனக்குத் தெரியாது.

பிறகு டாக்டர், மருந்து ஒவ்வாமையையும் சேர்க்கச் சொன்னார். உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். அதை இரத்த வகைக்கு முன்னால் வைத்தேன். என் வீடு, அலமாரியை எங்கே வேண்டுமானாலும் வைப்பேன். அவளுடைய ஃபைல் பழையபடி மூன்றாவதையே எடுத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒத்திகை. முதல் நோயாளி அவளுடைய அம்மை, அடுத்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷன். அம்மைக்குப் பென்சிலின் ஆகாது. அந்த ஒன்று இரத்த வகையின் இடத்தில் வந்து நின்றது. எங்கள் கணக்கில் ஒன்று என்றால் ஏ பாசிட்டிவ். நர்ஸ் சீட்டில் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாண்டாம் சிஸ்டர். எங்கம்மைக்கு ஓ ஆக்கும்," என்றாள் அவள்.

பஸ்ஸில் பாறசாலை வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் மாடியேறி அந்த ஸ்டிரக்சரை அழித்துவிட்டு, ஃபங்ஷன் எழுதித் தரச் சொன்னாள். அன்றைக்கே எழுதினேன். யார் பெயரைப் போட்டாலும் சரியாக வந்தது.

ஆபரேஷன் அன்று நானும் கூடப் போனேன். திரையில் ஓ பாசிட்டிவ். என் ஃபங்ஷன் தந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்க ரத்தம் எடுத்து நோக்குங்க சிஸ்டர்."

சுருக்கென்றது. ஆனால் படுத்திருந்தது என் அம்மையாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.