அரை வேக்காட்டில் எடுத்த படம்

அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து பீரோவைக் கவிழ்த்துவிட்டுப் போன வெள்ளத்துக்கு அடுத்த மாதம் அது. பொங்கல் வரப்போகிறது, ஆனால் ஆற்றோரத்தில் எங்கள் வரிசையில் யாரும் வெள்ளையடிக்கவில்லை. எல்லா வீட்டையும் இடித்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். இடிக்கப்போகிற சுவருக்கு எதற்குச் சுண்ணாம்பு?

இடிக்க வந்த அன்று விடிகாலையில், என் மனைவியின் அண்ணன் மரப்பெட்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை அச்சகம் ஒன்றில் பிலிம் கழுவியே தலை நரைத்தவர். எங்கள் செல்போன்களோடு அதில் இருந்த படங்களும் ஆற்றோடு போயிருந்தன. மச்சானிடம் மிச்சம் இருந்தது போஸ்ட் கார்டு அளவில் ஒரே ஒரு பிலிம். அதில் வீட்டை எடுத்தார். மதியத்துக்குள் வீடு இல்லை.

மூட்டைகளோடு மேற்கு மாம்பலத்தில் அவருடைய ஒற்றை அறைக்குப் போனோம். என் மனைவி உலை வைத்தாள். மச்சான் போர்வைக்குள் கையை விட்டு, இருட்டில் பிலிமைச் சுருட்டி ஒரு கறுப்புக் குழாயில் செருகி, வெளிச்சம் புகாமல் மூடினார். மருந்தை ஊற்றி, டப்பில் இருந்த தண்ணீரில் அதை மிதக்கவிட்டு உருட்டத் தொடங்கினார். தட்டில் வைத்துக் கழுவுகிற பழைய கணக்கு இதற்கு ஒத்துவராதாம். ஓயாமல் உருட்டுவதால் மருந்து சீக்கிரம் பிடிக்கும், நேரத்தைக் குறைக்க வேண்டும். நம்ம ஊர்த் தண்ணீரின் வெதுவெதுப்புக்கு இன்னும் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் உருவமே எழும்பாது. கூடினால் கறுத்து அடைத்துக்கொள்ளும். எவ்வளவு என்பது அவர் ஊகம்தான்.

“இன்னாண்ணா, கொயந்தைய தாலாட்ற மாரி உருட்டிக்கினு கீற? தூங்கிடப் போவுது,” என்றாள் என் மனைவி.

“சும்மா கெட. மணியப் பார்த்துக்கினு கீறேன்.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தவர் முகம் வெளுத்தது. கடிகாரத்தின் முள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி எப்போது தீர்ந்ததோ தெரியாது. அவர் கை மட்டும் நிற்கவில்லை. நின்றால் பிலிமில் திட்டு விழும்.

“எப்போ ஊத்துனேன், மச்சான்?” என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன்!

“நீ மருந்த ஊத்தசொல்லோ நான் அரிசி போட்டேன்,” என்றாள் அவள்.

“இப்போ எப்டி கீது?”

ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். “அரை வேக்காடு. நடுவுல வெள்ளப் பொட்டு கீது.”

“இந்த அரிசி வேவ எம்மா நேரம் ஆவும்?”

“ரேஷன் அரிசி. அது இஷ்டத்துக்கு வேவும்.”

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். குழாய்க்குள் இருந்ததே ஒரு சோறுதான், நசுக்கிப் பார்க்க வழியில்லை. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உருட்டினார். பிறகு சட்டென்று மருந்தைக் கொட்டினார். படத்தை நிலைக்க வைக்கும் அடுத்த மருந்தை ஊற்றி, அது வேலை முடிக்கும்வரை மறுபடி உருட்டினார். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கறுப்பாகத்தான் விழும்; வானம் மட்டும் அளவுக்கு மீறிக் கறுத்து அடைத்திருந்தது. “கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றார். ஆனால் வீடு இருந்தது. வாசலில் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு இவள். வேடிக்கை பார்க்க வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும், அந்தப் பக்கம் பூக்காரம்மாவும் இந்தப் பக்கம் டெய்லரும், அவரவர் வாசலில் நின்றார்கள்.

“அய்யோ, பூக்காரம்மா பல்லு மட்டும் கறுப்பா கீது!” என்று சிரித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வீடு விழும்போதுகூட அவள் அழவில்லை.

மச்சான் இப்போது இல்லை. அவர் போட்டுக் கொடுத்த படம், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எங்களுக்குக் கொடுத்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. பூக்காரம்மாவும் டெய்லரும் எங்கே போனார்களோ, விசாரித்தும் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வேறு படம் கிடையாது. எங்கேயாவது அவர்களைப் பார்த்தால் நீங்கள் சொல்லுங்கள்: உங்கள் வாசல் பத்திரமாக இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று.