ரெண்டு மானிட்டர், ரெண்டு கார்டு, ஒரு கல்பனா

தெர்மாகோல் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் எனக்கு இப்போதும் பல் கூசும்…

2007 இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் கல்யாண ஆல்பம் ஸ்டுடியோ. டிசைனர்கள் இரண்டே பேர். நான் நாலு வருஷ சீனியர், பேனரும் பத்திரிகையும் என் வேலை. கல்பனா வந்து எட்டு மாதம், ஆல்பம் அவள் வேலை.

அன்று முதலாளி அண்ணா இரண்டு எல்சிடி மானிட்டர் வாங்கி வந்து, தெர்மாகோல் கிறீச்சிடப் பிரித்து, நேராக அவள் மேஜையில் வைத்தார்.

"ஒண்ணுல போட்டோ, ஒண்ணுல பேஜ். வேலை சீக்கிரம் முடியும்ல?"

எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, மதியம் தயிர்சாதம் இறங்கவே இல்லை. நான் நாலு வருஷமாகக் குண்டு மானிட்டரோடு மல்லுக்கட்டுகிறேன். நேற்று வந்தவளுக்கு இரண்டு தட்டை ஸ்கிரீனா!

எனக்கும் வேண்டும் என்று கேட்டால் கேவலம். அதனால் நியாயம் பேசினேன்.

"அண்ணா, ரெண்டையும் நடுவுல வச்சு ரெண்டு சிஸ்டத்துக்கும் கனெக்ட் பண்ணிடலாம். காலைல அவ கஸ்டமரோட உக்காந்து பிரிண்ட்ல போட்டோ செலக்ட் பண்றா, அப்ப நான் பாக்கறேன். மத்தியானம் நான் பிரஸ்ஸுக்குப் போயிடறேன், அவ பாக்கட்டும். மானிட்டர்ல பட்டன் அமுக்கினா மாறிடும். ரெண்டு வயர் போற கிராபிக்ஸ் கார்டு ரெண்டு வாங்கணும், அவ்ளோதான்."

"நீதான் ஹார்ட்வேர் கோர்ஸ் படிச்சவ. நீயே பாத்து வாங்கிட்டு வாம்மா" என்றார்.

கல்பனாவோ, "சூப்பர்கா!" என்று கை தட்டினாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மின்சார ரயில் பிடித்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போனேன். கடைக்காரர் விஷயம் தெரிந்தவர்.

"ஒவ்வொரு மானிட்டர்லயும் வயர் சொருக டிவிஐ ஒண்ணு, விஜிஏ ஒண்ணுதான் கீது மேடம். ஒரு சிஸ்டத்துக்கு டிவிஐ குட்த்தா இன்னொண்ணுக்கு விஜிஏதான். டிவிஐ டிஜிட்டல், படம் சும்மா பளிச்னு தெரியும்; விஜிஏ பழசு, கொஞ்சம் மங்கும். போட்டோ வேலை யார் பாக்குறது? அவங்களுக்கு டிவிஐ போட்டுரு."

ஒரு நொடிதான் யோசித்தேன்.

"நான்தான் பாக்கறேன்" என்றேன்.

எனக்கு டிவிஐ இரண்டு உள்ள கார்டு. அவளுக்கு விஜிஏ. அதற்கு வயரும் இருப்பதிலேயே மெல்லிசு.

மாட்டியதும் என் பேனர் எழுத்தெல்லாம் கத்தியால் வெட்டியது போல நின்றது. பட்டனை அமுக்கி அவள் சிஸ்டத்துக்கு மாற்றினால், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் லேசாக ஒரு நிழல். மணப்பெண் தலையில் மல்லிகை எது, முல்லை எது என்று பிரியாது.

அவள் கார்டைச் சந்தேகப்படவே இல்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள்.

ஒரு நாள் லீவு போட்டுக் குரோம்பேட்டையில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "பவரே இல்லைன்னுட்டாருக்கா… அப்புறம் ஏன்கா எனக்கு மட்டும் இப்படித் தெரியுது?"

"கேரட் சாப்பிடு" என்றேன்.

பாவி, இரண்டு மாதம் டப்பாவில் கேரட் கொண்டு வந்தாள். எனக்கும் இரண்டு துண்டு கொடுப்பாள்.

கண்ணை நம்பாததால் ஒவ்வொரு படத்தையும் நாலு மடங்கு பெரிதாக்கி, இமை முடி, புடவை ஜரிகை என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஆறே மாதத்தில் குன்றத்தூரிலிருந்து வந்தவர்கள்கூட, "அந்தப் பொண்ணுதான் ஆல்பம் போடணும்" என்று கேட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே… இது முதலாளி செலவில்.

இப்போது பெருங்களத்தூரில் அவளுக்கே சொந்த ஸ்டுடியோ. நான் வீட்டிலிருந்தபடி இன்னும் பேனர்தான் போடுகிறேன். போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டாவது பிராஞ்ச் போடறேன். அதே மாதிரி ரெண்டு சிஸ்டம், ரெண்டு மானிட்டர். என்ன கார்டு வாங்கலாம்? உங்களைவிட யாருக்குக்கா தெரியும்?"

"இப்ப ரொம்ப யோசிக்க வேணாம் கல்பனா. எல்லாமே டிஜிட்டல்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்."

சொல்லும்போதே தோன்றியது… இந்தக் காலத்தில் ஒருத்தருக்கு மட்டும் மங்கலாகத் தெரிய வைப்பதுகூடக் கஷ்டம்.

"தேங்க்ஸ்கா. அன்னிக்கும் எனக்காக ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் அலைஞ்சீங்க, நான் மறக்கல."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நிஜமாகவே வந்தது.

ஆனால் நான் கேட்டது, "புது பிராஞ்ச் எவ்ளோ சதுர அடி?"