ஒரு சுடர் இரண்டான கதை

போன ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் கிளப்பில் பேசினேன். சமையல் குறிப்பு இல்லை... விண்வெளி.

"லேடீஸுக்குக் கோலப்போட்டி இருக்கேம்மா" என்றார் கிளப் செயலாளர். ஆபீசில் என் கணவருக்கு மேலதிகாரியும் அவர்தான். நான் பௌதிகம் படித்தவள் என்றேன். "சரி, போட்டிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசுங்க" என்றார்.

"பார்த்துப் பேசு" என்றார் கணவர். எதைப் பார்த்து?

மெழுகுவர்த்தி ஏற்றினேன். தண்டு உடைந்த ஐஸ்க்ரீம் கோப்பையின் கண்ணாடி அடிப்பாகத்தை அதற்கு முன்னால் பிடித்தேன். பார்த்தவர்களுக்கு ஒரு சுடர் இரண்டாகத் தெரிந்தது.

வானத்திலும் இது நடக்கிறது என்றேன். நட்சத்திர மண்டலங்களைச் சுற்றி, வெளிச்சமே தராத ஏதோ ஒன்று போர்வை மாதிரி கவிந்திருக்கிறதாம். அதற்குள் சுருங்கிச் செத்த நட்சத்திரங்களும் இருக்கலாம். அவற்றின் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துவிடும்—

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் ஹவுஸ்வைஃப்ஸுக்கு எதுக்கும்மா?" செயலாளர் மைக்கை அணைத்தார். "கோலத்தை ஆரம்பிக்கலாம்."

முகம் சுட்டது. நான் உட்கார்ந்துவிட்டால், இனி எந்தப் பெண் பேசப் பெயர் கொடுப்பாள்? மைக் இல்லாமலே தொடர்ந்தேன்.

மூன்றாவது வரிசையில் மும்தாஜ் எழுந்தாள். சதுரங்கப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், என் சிநேகிதி.

"கண்ணுக்கே தெரியலன்னா, அது கீதுன்னு எப்டிக்கா சொல்றது?"

"அது குறுக்கே போனா, பின்னாடி இருக்கிற நட்சத்திரம் கொஞ்ச நாளைக்குப் பிரகாசமாகும் மும்தாஜ். அப்புறம் பழையபடி ஆயிடும். அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்."

"அப்ப பாத்துகினே இருக்கணும்."

"ஆமா. வருஷக்கணக்கா."

செயலாளர் மறுபடி வாயைத் திறந்தார்.

"இரு சார். அக்கா பேசிகினு கீறாங்க இல்ல?" என்றாள் மும்தாஜ்.

கோலப்பொடி டப்பாவோடு வந்திருந்த பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செயலாளர் உட்கார்ந்தார். நான் முழுசாகப் பேசி முடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "செயலாளர் இன்னிக்கு ஆபீஸ்ல என்கிட்ட பேசலை."

"நீங்க?"

"நானும் பேசலை."

என் கணவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

நமக்கு எது தேவை, எது புரியாது என்று நம்மைக் கேட்காமலே தீர்மானிக்க எத்தனை பேர்! விட்டுக்கொடுத்தால் மைக்கோடு நிறுத்துவார்களா என்ன?

அடுத்த கூட்டத்துக்கும் பெயர் கொடுத்தாயிற்று. தலைப்பு கேட்டார்கள்.

'இருட்டு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.